குழாய் காலியாகக் கிடக்கும் நேரம்

சென்னைக் குடிநீர் பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். பதில் எழுதும் என்னைப் பற்றி இரண்டு வரி: 1986-இல் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, 2018-இல் ஓய்வு பெற்றவள். அந்த 32 வருடத்தில் பாதிக்கு மேல் தெருவில்தான் கழிந்தது. தோளில் ஐஸ் பெட்டி, பையில் ஸ்பிரிட் பஞ்சும் தீப்பெட்டியும், காலை ஐந்து மணிக்கே யாராவது ஒருவர் வீட்டு வாசல். கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கோடை வந்தால் எங்கள் வீட்டுக் குழாயில் முதல் பத்து நிமிடம் தண்ணீர் மஞ்சளாக, சாக்கடை வாடையோடு வருகிறது. அப்புறம் தெளிந்துவிடுகிறது. இரண்டு முறை புகார் கொடுத்தோம். வந்து பார்த்தவர்கள் "தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தெளிந்த பிறகு பிடித்துக் குடிக்கலாமா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: காய்ச்சாமல் குடிக்காதீர்கள். வந்து பார்த்தவர்கள் தெளிந்த பிறகு வந்திருப்பார்கள். உங்கள் வீட்டுப் பிரச்சினை அந்த முதல் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மண்ணுக்குள் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கின்றன. சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் போகும். குடிநீர்க் குழாய் நிறைந்து அழுத்தத்தோடு ஓடும்வரை, அதில் ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும், வெளியே உள்ள அழுக்கு உள்ளே வராது. வால்வை மூடியதும் கதை மாறுகிறது. குழாய் காலியாகிறது. சுற்றியிருக்கும் ஈர மண்ணில் என்ன ஊறிக்கிடக்கிறதோ அது அதே ஓட்டை வழியாக உள்ளே இறங்குகிறது. மறுநாள் தண்ணீர் திறந்துவிட்டதும், இரவெல்லாம் சேர்ந்ததைத் தள்ளிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு முதலில் வருகிறது.

கோடையில் ஏன் அதிகம் என்றால், ஏரியில் நீர் குறைந்ததும் தினமும் விட்டதை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆக்குகிறார்கள். குழாய் காலியாகக் கிடக்கும் நேரம் இரட்டிப்பாகிறது. தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்தில் எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று நாலு வீட்டில் குழாயிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். உறிஞ்சும்போது நல்ல தண்ணீரோடு மண்ணில் இருப்பதையும் சேர்த்தே இழுக்கிறோம். தட்டுப்பாடு வேறு, சுகாதாரக் கேடு வேறு என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை இரண்டும் ஒரே குழாயில்தான் வந்திருக்கின்றன.

1990-களில் ஒரு மே மாதம். வடசென்னையில் ஒரு தெருவில் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு வாந்தி பேதி. மாதிரி எடுக்கப் போனோம். குழாய் வாயைத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்திச் சுட்டு, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, அப்புறம் பாட்டிலில் பிடிப்பதுதான் முறை. மூன்று நாள் அப்படியே எடுத்தோம். மூன்று நாளும் முடிவு சுத்தம். குழந்தைகள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். நாலாவது நாள் என் மேலதிகாரி சொன்னார்: "இன்னைக்கு ஓடவிடாதீங்கம்மா. முதல் தண்ணியைப் பிடிங்க."

அன்று கையில் குளோரோஸ்கோப் இருந்தது. சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் எடுத்து, ஆர்த்தோடாலிடின் சில சொட்டு விட்டால், குளோரின் மிச்சம் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது வீட்டுக் குழாயில் மிச்சம் இருக்க வேண்டும். தெரு முனையிலிருந்து ஆறு வீடு வரை மஞ்சள். ஏழாவது வீட்டில் தண்ணீர் நிறம் மாறாமல் அப்படியே நின்றது. எட்டாவதிலும் அதே கதை. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் தோண்டச் சொன்னோம். வீட்டு இணைப்புக்குப் போகும் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சாக்கடைக்குள்ளேயே நனைந்துகொண்டு போயிருக்கிறது. துருப்பிடித்து விழுந்த ஓட்டை மிளகு அளவுதான் இருந்தது. ஏழாவது வீட்டில் மோட்டாரை நேராக அந்தப் பைப்பிலேயே மாட்டியிருந்தார்கள். அந்த வீட்டுக் குழந்தையும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. தண்ணீர் வரும் நேரத்தில் முதல் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலிலும், தெளிந்த பிறகு இன்னொரு பாட்டிலிலும் பிடித்து, தேதியும் மணியும் எழுதி ஒட்டுங்கள். ஒரு வாரம் பிடித்தால் போதும். புகார் கொடுக்கும்போது "தண்ணீர் வரும் நேரத்துக்கு வாருங்கள், முதல் தண்ணீரில் குளோரின் பாருங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வீட்டிலிருந்து கெடுகிறது என்று தெரிந்தால் தோண்டும் இடம் தானே தெரியும். உங்கள் வீட்டு இணைப்புக் குழாய் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஜி.ஐ. பைப் என்றால், ஓட்டை உங்கள் வாசலுக்குள்ளேயே இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். மோட்டார் போடுவதாக இருந்தால் சம்ப்பிலிருந்து (தரையடித் தொட்டியிலிருந்து) ஏற்றுவதற்கு மட்டும் போடுங்கள், தெருக்குழாயில் வேண்டாம்.

அந்த முதல் தண்ணீர் ஏற்கெனவே சம்ப்பில் கலந்திருக்கும். சம்ப்பைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். மறுபடி நிரப்பியதும் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். அதை அப்படியே கொட்டக் கூடாது. ஒரு பக்கெட் நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்தலாம். பழைய டப்பாவில் வீரியம் போயிருக்கும், மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏற வேண்டும்.

கேள்வி: தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. இது கிருமியா, சுண்ணாம்பா? எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: சுண்ணாம்புதான் அம்மா. கரைந்திருந்த கால்சியம் சூட்டில் வெளியே வந்து படிகிறது, உடம்புக்குக் கெடுதல் இல்லை. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். காய்ச்சியதை வேறு குடத்துக்கு மாற்றி, அதில் கைவிட்டு டம்ளரால் மொண்டு குடிக்கிற வீடுகளில் காய்ச்சியதன் பலன் பாதி போய்விடுகிறது. உப்புத் தண்ணீர் காய்ச்சினால் நல்ல தண்ணீராகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்படி நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். மீட்டரில் டி.டி.எஸ். 1,800 காட்டுகிறது. ஆர்.ஓ. போட்ட பிறகு 30. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்கிறார் சர்வீஸ் பையன். சரியா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: சரியில்லை. அந்தப் பேனா மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைத்தான் காட்டும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சாக்கடை கலந்த மாதிரியை மீட்டரில் வைத்து 280 என்று பார்த்திருக்கிறேன். அதே மாதிரியை, சாக்கடைக் கிருமி இருந்தால் கறுக்கும் ஹெச்2எஸ் சோதனைக் குப்பியில் ஊற்றி வைத்தால் மறுநாள் காலை மை போலக் கறுத்திருந்தது.

இந்தியத் தரநிலைப்படி டி.டி.எஸ். 500 வரை நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. உங்கள் 1,800 குடிக்கிற தண்ணீர் இல்லை, ஆகவே குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆர்.ஓ. வைத்துக்கொள்ளுங்கள். 30-க்கு இறக்க வேண்டாம், நூற்றைம்பது அளவில் வைக்கச் சொல்லுங்கள், நாக்குக்கும் நன்றாக இருக்கும். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தக் குழாயை ஒரு பக்கெட்டில் விட்டால் தரை துடைக்கவும் டாய்லெட்டுக்கும் ஆகும். மெட்ரோ வாட்டர் வரும் வீட்டில் டி.டி.எஸ். ஐந்நூறுக்குள் இருந்தால் ஆர்.ஓ.வே தேவையில்லை, காய்ச்சுவது போதும். இதை நான் சொன்னால் கோபப்படும் உறவினர்கள் எனக்கு உண்டு.

லாரிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். வண்டி எண், வந்த நேரம், நிறம், டி.டி.எஸ்., குளோரின். வருடத்துக்கு இரண்டு முறை ஆய்வகத்தில் கோலிஃபார்ம் (சாக்கடை கலந்ததைக் காட்டும் கிருமி), நைட்ரேட், இரும்பு, கடினத்தன்மை பார்த்துவிடுங்கள். லாரி எங்கே நிரம்பி வருகிறது என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். உங்கள் தண்ணீர் யாருடைய கிணற்றிலிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த கடிதம் அந்தக் கிணற்றங்கரையிலிருந்துதான் வந்திருக்கிறது.

கேள்வி: என் அப்பா காலத்தில் எங்கள் கிணற்றில் முப்பது அடியில் இளநீர் மாதிரி தண்ணீர். இன்று வாயில் வைக்க முடியவில்லை, நெல் போட்டால் நுனி கருகுகிறது. சென்னைக்குக் கொடுத்துக் கொடுத்தே கெட்டோம். நகரத்தில் இருப்பவர்கள் இதை ஒருநாளாவது நினைப்பார்களா?
– வாசகர், மீஞ்சூர் அருகே ஒரு கிராமம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

ஆரணியாறு, கொசஸ்தலையாறு இரண்டுக்கும் நடுவில் மண்ணுக்கடியில் இருக்கும் மணல் படுகை, சென்னையைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் மிக வளமானது. 1960-களின் கடைசியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாகக் கிணறுகள் போட்டு நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் இறைத்தார்கள். உங்கள் ஊர்களிலும் பாசனத்துக்கு இறைத்தீர்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீர் மட்டம் உயரமாக இருக்கும்வரை அது கடலைத் தள்ளி நிறுத்தும். மட்டம் இறங்கினால் கடல் உள்ளே வரும். மீஞ்சூர்ப் பக்கம் பல கிலோமீட்டர் வந்துவிட்டது. ஒருமுறை வந்த உப்பு, இரண்டு நல்ல மழையில் திரும்பிப் போய்விடாது.

உங்கள் பக்கத்துக் கிணற்று நீரை நான் சோதித்திருக்கிறேன். குளோரைடு பார்க்க, தண்ணீரில் மஞ்சள் நிற பொட்டாசியம் குரோமேட் விட்டு, பியூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்குவோம். செங்கல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். நல்ல கிணற்று நீருக்குச் சில மில்லியில் வந்துவிடும். உங்கள் பக்கத்து மாதிரிக்கு பியூரெட் முழுக்க இறங்கியும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. இரண்டாவது முறை பியூரெட்டை நிரப்பும்போது, பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்த விவசாயி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

வறட்சி வந்தால் விவசாயக் கிணறுகளை வாடகைக்கு எடுத்து நகரத்துக்கு இறைப்பது பல வருடமாக நடக்கிறது. அதில் வருமானம் பார்க்கும் கிணற்றுக்காரரும் உண்டு. ஆனால் அவர் இறைக்கும்போது பக்கத்து நிலத்துக்காரரின் மட்டமும் சேர்ந்துதான் இறங்குகிறது, அவருக்கு யாரும் வாடகை தருவதில்லை. இது அநியாயம். வாடகை ஒப்பந்தம் போடும்போது அந்தக் கிராமத்துக் கிணறுகளின் மட்டத்தை மாதாமாதம் அளந்து, குறிப்பிட்ட அடிக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. ஆற்றில் தடுப்பணைகள் வந்திருப்பது நல்லது. மணல் அள்ளிய இடத்தில் மழைநீர் தங்கி இறங்க மணல் இல்லை என்பதும் உண்மை.

ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை ஆர்.ஓ. வரைக்கும் சுத்திகரித்து, ஒவ்வொன்றிலும் தினம் 4.5 கோடி லிட்டர் எடுத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் 2019 முதல் வந்துவிட்டன. மணலி, எண்ணூர் ஆலைகள் குடிக்கிற தண்ணீரைக் கொதிகலனில் ஊற்ற வேண்டியதில்லை. இதை இன்னும் பல மடங்கு பெருக்க வேண்டும். நகரம் தன் கழிவை முழுக்கத் திருப்பிப் பயன்படுத்தி முடிக்காமல் உங்கள் கிணற்றுக்கு வரக் கூடாது.

கேள்வி: "புழலில் 2,500 மில்லியன் கன அடி" என்று பேப்பரில் போடுகிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எளிதாகச் சொல்ல முடியுமா?
– பள்ளி மாணவி, அண்ணா நகர்

பதில்: ஆயிரம் மில்லியன் கன அடி ஒரு டி.எம்.சி. அது 2,830 கோடி லிட்டர். சென்னைக்கு இப்போது தினம் ஏறக்குறைய 100 கோடி லிட்டர் வேண்டும். ஆக ஒரு டி.எம்.சி. என்பது ஒரு மாதச் செலவு. நம் ஏரிகளின் முழுக் கொள்ளளவு மில்லியன் கன அடியில்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை 500. ஐந்தையும் கூட்டினால் 11,757. எல்லாம் தளும்ப நின்றால்கூட ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதிலும் வெயில் குடித்தது போகத்தான் மிச்சம். இனி பேப்பரில் அந்த எண்ணைப் பார்த்ததும் ஆயிரத்தால் வகுத்துப் பார், எத்தனை மாதம் என்று தெரிந்துவிடும். உன் வகுப்பிலும் சொல்லிக் கொடு.

கேள்வி: டிசம்பரில் முழங்கால் தண்ணீர், மே மாதத்தில் லாரி. வேளச்சேரியில் இது வாடிக்கையாகிவிட்டது. கடல்நீர் ஆலைகள் இத்தனை வந்த பிறகும் 2019 மாதிரி மறுபடி வருமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: வரலாம், ஆனால் அதே அளவுக்கு என்று நான் நினைக்கவில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. மூன்றரை வருடத்தில், 2019 ஜூனில், அதே ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் வடகிழக்குப் பருவமழை சரியாகப் பெய்யாததுதான் காரணம். அந்தக் கோடையில் விநியோகம் தினம் 52.5 கோடி லிட்டராகக் குறைந்தது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்தது. நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். லாரிக்குப் பதிவு செய்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. 32 வருடம் தண்ணீரைச் சோதித்தவள், ஒரு குடத்தை வைத்துக்கொண்டு காலையில் முகம் கழுவுவதா காபி போடுவதா என்று யோசித்தேன்.

மீஞ்சூரில் 2010, நெம்மேலியில் 2013, மறுபடி நெம்மேலியில் 2024 என மூன்று ஆலைகள் சேர்ந்து தினம் 35 கோடி லிட்டர் தரக்கூடியவை. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-இல் அடிக்கல் போட்டார்கள். கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியின் தண்ணீர் 2004 முதல் வருகிறது. 1983 ஒப்பந்தப்படி ஆந்திரா வழியாக வர வேண்டிய கிருஷ்ணா நீர் வருடத்துக்கு 12 டி.எம்.சி. முழு அளவு வந்து சேர்வது அரிது. அங்கே வறண்டால் இங்கேயும் வராது, அதில் குறை சொல்லவும் முடியாது. கடல்நீர் மழையை நம்பாதது என்பதால் எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் மின்சாரத்தைக் குடிக்கும்.

உங்கள் ஊரிலேயே ஏரி இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மிச்சம். தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் பெரிய ஏரியை வடித்துவிட்டுக் கட்டியது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். டிசம்பரில் உங்கள் வீட்டுக்குள் வரும் தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வருகிறது. தங்க இடமில்லாமல் அது கடலுக்குப் போய்விடுவதால் மே மாதத்தில் உங்களுக்கு லாரி வருகிறது. இருக்கிற சதுப்பில் இனி ஒரு லோடு மண்கூட விழக் கூடாது என்று வேளச்சேரிக்காரர்கள்தான் முதலில் சண்டை போட வேண்டும்.

கேள்வி: 2003-இல் சட்டம் வந்தபோது மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டினோம். அதற்கப்புறம் திறந்து பார்க்கவில்லை. இப்போது அதனால் பயன் இருக்குமா?
– வாசகர், மந்தைவெளி

பதில்: திறந்து பார்த்தால் இருக்கும். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் சென்னையில் ஒரு வருடம் பெய்கிற 1,400 மில்லிமீட்டர் மழையில், சிந்தியது சிதறியது போக ஒரு லட்சம் லிட்டராவது பிடிக்கலாம். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரி. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஆறு மாதத் தண்ணீர்.

மூடியைத் தூக்கினால் இலையும் சேறும் அடைத்திருக்கும். ஜல்லியையும் கூழாங்கல்லையும் வெளியே எடுத்துக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். மணலை மாற்றிவிடுங்கள். மாடியிலிருந்து இறங்கும் குழாயை யாராவது வாஷிங் மெஷின் தண்ணீருக்கு இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், நான் பார்த்த வீடுகளில் பாதியில் அப்படித்தான் இருந்தது. செப்டிக் டேங்க்கோ கழிவுநீர்த் தொட்டியோ பக்கத்தில் இருந்தால் அங்கே குழி வேண்டாம், இடம் மாற்றுங்கள். பழைய கிணறு இருந்தால் வடிகட்டிய தண்ணீரை அதிலேயே விடலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரம் வாக்கில் தொடங்கும், ஆகவே புரட்டாசிக்குள் வேலையை முடியுங்கள். முதல் இரண்டு மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே போகவிடுங்கள், வருடம் பூராவும் மாடியில் காக்கையும் புறாவும் விட்டுவைத்தது அதில்தான் கழுவிக்கொண்டு போகும்.